கூரை போன கோயில்கள்

அலோர் ஸ்டாரிலிருந்து தெற்கே போகும் பழைய சாலையில், நெல்வயல் முடிகிறவரை கண்ணுக்கு எதிரே ஒரே மலைதான். குனோங் ஜெராய். உயரம் 1,217 மீட்டர். மலைநாட்டில் இது பெரிய உயரமில்லை. ஆனால் சுற்றிலும் வயலும் கடலுமாகத் தட்டையாகக் கிடக்கும் இந்தப் பக்கத்தில், பட்டணத்தை விட்டு வெளியேறினால் அது கூடவே வரும். வங்கக் கடலைக் கடந்து வந்த நாகப்பட்டினத்துக் கப்பல்காரனுக்கும் கரை தெரிவதற்கு முன் தெரிந்தது இந்த மலையாகத்தான் இருந்திருக்கும். அதன் தென் அடிவாரத்தில், மெர்போக்கில், ஒரு சிற்றாற்றின் கரையில் கருங்கல்லால் ஆன ஒரு கட்டடத்தளம் இருக்கிறது. பெயர் சண்டி புக்கிட் பத்து பகாட். பழங்கோயிலை மலாய்க்காரர்கள் சண்டி என்பார்கள். பத்து பகாட் என்றால் உளியால் செதுக்கிய கல். நம்மவர் வழக்கில் இதற்குப் பெயர் வேறு: ‘ராஜேந்திர சோழன் கட்டின கோயில்.’

பள்ளிப் பிள்ளையாகச் சுற்றுலாப் பேருந்தில் போய் இறங்கியபோது எனக்கு ஏமாற்றம்தான். கோபுரம் இல்லை. சாமி இல்லை. கூரைகூட இல்லை. ‘இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்’ என்று ஒருவன் சத்தமாகவே கேட்டான். அன்றைக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அதற்குப் பிறகு பல முறை போய், இதைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் ஓரளவு படித்த பின் எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. இந்தக் கோயிலைப் படிக்க வேண்டிய இடம் அதன் இல்லாத கூரை.

முதலில் தளத்தைப் பார்ப்போம். மலைச்சரிவைச் சமப்படுத்திய இடத்தில் கட்டடம் இரண்டு பகுதியாக நிற்கிறது. ஒன்று சதுரமான விமானம், அதாவது கருவறைப் பகுதி. அதற்கு முன்னால் நீள்சதுர மண்டபம். விமானத்தின் கற்சுவர் ஓரளவு எழும்பி நிற்க, மண்டபம் தாழ்ந்த மேடையாகக் கிடக்கிறது. கல் எல்லாம் உள்ளூர்க் கருங்கல். மண்டப மேடையில் வரிசையாகத் தூண் பீடங்கள் இருக்கின்றன. தூண் ஒன்றுகூட இல்லை. உடைந்த கல் தூண் எங்காவது கிடக்கிறதா என்றால் அதுவும் இல்லை. காரணம் எளிது: தூண்கள் மரம். மேலே இருந்த கூரையும் மரச்சட்டத்தின்மேல் வேய்ந்த கூரை. ஆண்டு முழுக்க மழை பெய்யும் ஊரில் மரம் எத்தனை காலம் நிற்கும்? கட்டியவர்கள் அதை அறியாதவர்கள் அல்லர். உளுத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கில்தான் பீடத்தைக் கல்லில் செய்து தூணை மரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பழைய மலாய் வீடுகளிலும் மரத்தூணுக்கு அடியில் கல்லைத்தான் வைப்பார்கள்.

பூஜாங் பள்ளத்தாக்கு எனப்படும் இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட பழங்கட்டடச் சிதைவுகள் கண்டறியப்பட்டுள்ளன. சில கருங்கல், சில செம்புரைக்கல், சில செங்கல். சில பௌத்தம், சில சைவம். ஜெராய்க்கு வடக்கே புக்கிட் சோராசில் பௌத்தக் கட்டடம். பெங்காலான் பூஜாங்கில் செங்கல் தளங்களோடு சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் குவியலாகக் கிடைத்தன. பெண்டியாட், பெண்டாங் டாலாம் ஆகிய இடங்களிலிருந்த தளங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து, 1980இல் திறந்த மெர்போக் தொல்லியல் அருங்காட்சியக வளாகத்தில் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். அந்த வளாகத்தில் பத்து பகாட் ஒன்றுதான் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விநாயகர், மகிடாசுரமர்த்தினி போன்ற சிலைகளின் துண்டுகளும் பள்ளத்தாக்கில் கிடைத்திருக்கின்றன. எல்லாம் சிறியவை. கோயில்களும் சிறியவைதான். இந்தச் சிறுமையைக் கவனிக்க வேண்டும்.

இனி, யார் கட்டியது என்ற வழக்கு.

1830களில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் லோ இந்தப் பக்கத்துச் சிதைவுகளை முதலில் எழுதி வைத்தார். 1834இல் செபராங் பிறையில் அவர் கண்டெடுத்த கல்லில், இரக்தமிருத்திகா என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனின் பெயர் இருக்கிறது. காலம் ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு. மொழி வடமொழி, எழுத்து தென்னிந்திய வகை. நூறாண்டு கழித்து, 1930களின் இறுதியில், குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் மனைவி டோரதியுடன் வந்து முறையாகத் தோண்டினார். இன்றும் புழங்கும் தள எண்கள் அவர் தொடங்கி வைத்தவை. பத்து பகாட்டுக்கு எண் 8. அவர் 1940இல் வெளியிட்ட அறிக்கை, தலைப்பிலேயே ‘இந்தியக் குடியேற்றம்’ என்று சொல்லிவிடுகிறது. இந்தியாவிலிருந்து அலை அலையாக வந்தவர்கள் நாகரிகத்தை இறக்கிவிட்டுப் போனார்கள், உள்ளூர்க்காரன் வாங்கிக்கொண்டான் என்பது அந்தக் காலத்து வெள்ளைக்காரப் புலமையின் பொதுப் பார்வை. தாங்கள் செய்வதும் அதே வேலை என்ற நினைப்பு அவர்களுக்கு. அந்தப் பார்வையை நம்மில் பலர் அப்படியே வாங்கி நமது பெருமையாக மாற்றிக்கொண்டோம். இந்த வேடிக்கையை நாம் இன்னும் போதிய அளவு சிரித்து முடிக்கவில்லை.

வேல்ஸ் எட்டாம் எண் தளத்தைப் பல்லவர் சாயல் உடையது என்று கருதி ஏழு, எட்டாம் நூற்றாண்டில் வைத்தார். 1958இல் மைக்கேல் சல்லிவனும், அடுத்து 1959–60இல் அலஸ்டர் லாம்பும் அதே தளத்தை மீண்டும் ஆய்ந்தார்கள். சிதறிக் கிடந்த கற்களை எடுத்து அடுக்கி, இன்று நாம் பார்க்கும் வடிவுக்குக் கொண்டுவந்தது லாம்ப். அவர் காலத்தைப் பதினோராம் நூற்றாண்டுக்குத் தள்ளினார். அவ்வளவுதான், நம்மவர்களுக்கு வேறென்ன வேண்டும்? பதினோராம் நூற்றாண்டு என்றால் 1025. 1025 என்றால் கடாரம் கொண்டான்: கெடாவாகிய கடாரத்தின்மேல் இராசேந்திரன் படையெடுத்த ஆண்டு. சாண்டில்யனின் ‘கடல் புறா’ படித்து வளர்ந்த தலைமுறைக்குக் கப்பலும் கடாரமும் கண்முன்னே நின்றன. கோயிலையும் சோழன் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

நூற்றாண்டு ஒன்றாக இருந்தால் கட்டியவனும் அவனாகிவிடுவானா? இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியை எடுத்துக்கொள்வோம். அலைகடல் நடுவே கலம் பல அனுப்பியதையும், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை அவனது யானைகளோடு பிடித்ததையும், பொருட்குவியலையும் வாயில் தோரணத்தையும் கைக்கொண்டதையும் அது பெருமையாகச் சொல்கிறது. ஸ்ரீவிசயம் தொடங்கி இலங்காசோகம், மாதமாலிங்கம், நக்கவாரம் என்று ஊர்களை வரிசையாக அடுக்கி, கடாரத்தில் முடிக்கிறது. கோயில் எடுத்ததாக ஒரு சொல் இல்லை. எடுத்திருந்தால் சொல்லாமல் விடுகிற மரபா சோழ மரபு? பின்னர் 1068 வாக்கில் வீரராசேந்திரன் மறுபடியும் கடாரத்தை வென்று, அடைக்கலம் புகுந்த அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாகத் தன் மெய்க்கீர்த்தியில் சொல்லிக்கொள்கிறான். ஆட்சி நடத்த வந்தவர்களின் பேச்சாக இது இல்லை.

சோழர் உண்மையில் தங்கி ஆண்ட கடல்கடந்த நிலம் ஈழம். அங்கே பொலன்னறுவையில் வானவன்மாதேவி ஈசுவரம் இன்றும் நிற்கிறது, அடி முதல் முடி வரை கல். பார்த்த மாத்திரத்தில் சோழர் பணி என்று தெரியும், தமிழ்க் கல்வெட்டும் உண்டு. தமிழ் வணிகர் போன இடங்களிலும் எழுத்து நிற்கிறது. தென்தாய்லாந்தின் தக்குவாப்பாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் காவலில் விடப்பட்ட ஒரு குளத்தைப் பற்றிப் பேசுகிறது. சுமத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டின் கல், ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைச் சொல்கிறது. பத்து பகாட் தளத்தின் ஒரு கல்லிலும் அப்படி ஒரு தமிழ் வரி இல்லை. கல்லெழுத்தில் அவ்வளவு வாயாடியான ஒரு மரபு, ஒரு கோயில் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு போனது என்று நம்ப என்னால் முடியவில்லை.

எழுத்து இருக்கும் இடத்துக்குப் போனால் கதை தலைகீழாகிறது. கடாரத்தில் சோழன் கட்டியதற்குச் சான்று இல்லை. சோழநாட்டில் கடாரத்தான் கட்டியதற்கு உண்டு. ஸ்ரீவிசயத்துக்கும் கடாரத்துக்கும் அதிபதியான சைலேந்திர மரபின் மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்ம விகாரத்தை எடுத்தான். அதற்கு இராசராசன் தனது 21ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை விட்டான். லெய்டன் பெரிய செப்பேடு சொல்லும் செய்தி இது. நாகைக் காயாரோகணசுவாமி கோயில் கல்வெட்டுகளில், ஸ்ரீவிசயத்து அரசனின் ஆட்களும் கிடாரத்து அரசனின் ஆட்களும் அந்தச் சிவன் கோயிலுக்கு வந்து கொடை கொடுத்த கணக்கு இருக்கிறது. கொடுத்த பொருள்களில் ஒன்று சீனப் பொன். அதாவது 1025க்குச் சற்று முன்வரை, இங்கிருந்து போன தூதனோ வணிகனோ நாகைக் காரோணத்துச் சிவனுக்குக் காணிக்கை வைத்திருக்கிறான். அவன் ஊரில் ஒரு சிவன் கோயில் இருந்தால் அதற்குச் சோழப் படையெடுப்பு எதற்கு?

நாகையில் பௌத்த விகாரத்தின் எச்சம் என்று கருதப்பட்ட உயரமான செங்கல் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை கப்பல்களுக்கு அடையாளமாக நின்றது. 1867இல், அரசு அனுமதியோடு, அதை இடித்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சோழன் இல்லை என்றால் வேறு யார்? ஆய்வாளர்களிடையே இரண்டு கட்சி. தென்கெடாவைச் சரக்கு மாற்றும் துறைமுகமாகப் பார்த்த பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் ஜாக்-எர்குவால், இந்தக் கோயில்கள் வந்துபோகும் இந்திய வணிகர்களின் தேவைக்கானவை, அதனால்தான் இவ்வளவு சிறியவை என்று வாதிட்டார். நிக் ஹசான் சுகாய்மி போன்ற மலேசிய ஆய்வாளர்கள் உள்ளூர் மக்களின் கையையும் அறிவையும் முன்னிறுத்தினார்கள். 2009 முதல் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தோண்டியெடுத்த இரும்பு உருக்கு உலைகளும் படகுத்துறைகளும் இரண்டாம் கட்சிக்கு வலுச் சேர்த்தன. இரும்பை உருக்கிக் கப்பலேற்றிய மக்கள் இங்கே இருந்தார்கள், வெறுங்காட்டில் வந்து யாரும் விளக்கேற்றவில்லை. உலைகளுக்குச் சொல்லப்படும் மிகப் பழைய ஆண்டுகள் பற்றிச் சர்ச்சை உண்டு. அதற்குள் நான் போகவில்லை.

என் பார்வையில் கட்டடமே இரண்டு கட்சிக்கும் பாதிப் பாதி தீர்ப்பளிக்கிறது. கருவறைக்கு முன் தூண் வரிசையுள்ள மண்டபம் தென்னிந்தியத் தரைப்படம். ஜாவாவின் சண்டிகள் பொதுவாக அப்படி அமைவதில்லை. மரத்தூணும் வேய்ந்த கூரையும் இந்த மண்ணின் தச்சர் வேலை. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது பகுதி ஒன்றும் உண்டு, தரைக்கு அடியில். லாம்ப் விமானப் பகுதியைத் திறந்தபோது கல்லில் குடைந்த பேழைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒன்பது குழிகள். குழிகளில் பொன் தகடும் மணிகளும் செப்புக் கலசமும் வைத்துப் புதைத்திருந்தார்கள். மயமதம் முதலான சிற்ப நூல்கள் கர்ப்பநியாசம் என்று சொல்லும் சடங்கு இது. ஒன்பது அறையோ இருபத்தைந்து அறையோ உள்ள பெட்டியில் பொன்னும் மணியும் தானியமும் இட்டு, கோயிலுக்குக் கரு வைப்பது. நூல்கள் பெரும்பாலும் செப்புப் பெட்டியைச் சொல்கின்றன. இங்கே அது கல். ஜாவாவிலும் இதே வழக்கம் பெரிப்பி என்ற பெயரில் உண்டு. அங்கே அந்தக் கல் பெட்டிகளை இறந்த அரசரின் சாம்பல் வைத்தவை என்று நெடுநாள் நினைத்து, சண்டிகளையே கல்லறைக் கோயில்கள் என்று எழுதிவந்தார்கள். இந்தோனேசிய அறிஞர் சுக்மோனோ 1974இல் அந்த எண்ணத்தை மறுத்தார். மெர்போக்கைப் பற்றிய சுற்றுலாக் குறிப்புகளில் ‘கல்லறைக் கோயில்’ இன்னும் சாகவில்லை.

ஆக, சடங்கு தெரிந்த ஒரு குருக்கள், தரைப்படம் தெரிந்த ஒருவர், ஜெராய்க் கல்லை உடைக்கத் தெரிந்த ஆட்கள், மரமும் கூரையும் தெரிந்த தச்சர்கள். இத்தனை பேரும் ஓரிடத்தில் கூடும் காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல், திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வரவேண்டும். இடையில் மாதக்கணக்கில் காத்திருப்பு. 671இல் சீனத்திலிருந்து புறப்பட்ட யீஜிங் என்ற துறவியும் இந்தியா போகிற வழியில் கடாரத்தில் தங்கிக் கப்பலேறினார். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவில் காட்டும் பண்டங்களில் ஈழத்துப் பொருளுக்கு அடுத்து வருவது காழகத்துப் பொருள். அந்தக் காழகம் இந்தக் கடாரமே என்பது பழைய கொள்கை. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று நாம் சொல்லும் யாத்திரைத் தலமாக இதைக் கொள்ள முடியாது. தலபுராணம் இல்லை, பாடல் இல்லை. காற்றுக்காகக் காத்திருந்தவர்கள் கும்பிட்ட கோயில்கள் இவை. வந்தவன் போவான், வேறொருவன் வருவான். கோயில் சிறியதாக இருப்பதும் கல்லில் பெயர் பொறிக்காததும் அதனால் இருக்கலாம்.

பிறகு கப்பல்கள் வரவில்லை. மேட்டுநிலத்துக் காடுகளை வெட்ட, மண் கரைந்து வந்து மெர்போக் கழிமுகத்தைத் தூர்த்தது என்று ஜேன் ஆலன் மண் படிவுகளை ஆராய்ந்து காட்டினார். பெங்காலான் பூஜாங் உள்நாட்டு ஊராகியது. கெடா அரச வரலாற்று மரபுப்படி 1136இல் மன்னர் இசுலாத்தைத் தழுவினார். பராமரிக்க ஆளில்லாத கூரை இறங்கியது. கல் மட்டும் மிஞ்சியது.

அதன்மேல் ரப்பர் மரம் நட்டார்கள். 1909 உடன்படிக்கையில் கெடா சயாமிடமிருந்து ஆங்கிலேயர் செல்வாக்குக்குள் வந்தது. கோல மூடா, கூலிம் வட்டாரம் தோட்டக்காடாகியது, கங்காணி கூட்டிவந்த தமிழர் லயங்களில் இறங்கினார்கள். இவர்கள் கடாரத்துச் சோழப் படையின் வாரிசுகள் அல்லர். இரண்டு தமிழர் கூட்டத்துக்கும் இடையே எண்ணூறு ஆண்டுக்கு மேல். ஆனால் இறங்கிய உடன் செய்த காரியம் பழையதுதான். மரத்தடியில் ஒரு கல், அதற்கு நான்கு கம்பு, மேலே அத்தாப்பு ஓலை. கொஞ்சம் காசு சேர்ந்ததும் தகரம். மாரியம்மனுக்குத் தனி இடம், எல்லையில் முனியாண்டி. அடித்தளம் நிலைக்க, கூரையை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் கோயில். பத்து பகாட்டைக் கட்டிய தச்சனுக்கு இந்த ஏற்பாடு உடனே புரிந்திருக்கும். தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை வரவழைத்து, சிமெண்டில் கோபுரம் எழுப்பி, வண்ணம் பூசுவது மிகப் பிந்தி வந்தது. சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் கோயிலுக்கு இன்று தைப்பூசத்துக்கு அலோர் ஸ்டாரிலிருந்தும் கூலிமிலிருந்தும் சாரிசாரியாகப் போகும் கூட்டத்தில் பெரும்பாலோர் தகரக்கூரைச் சாமியைக் கும்பிட்டவர்களின் பிள்ளைகள்.

ஓர் ஆதங்கம். நம் பிள்ளைகளுக்கு இராசேந்திரன் தெரியும். மெர்போக்குக்குப் பக்கத்துப் பீடோங்கில், ஹார்வார்ட் தோட்டத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்ற ஏ. எம். சாமியைத் தெரியாது. சான்று இல்லாத கோயிலுக்கு உரிமை கொண்டாடுகிறோம், சான்றுள்ள சொந்த வரலாற்றைக் கைநழுவ விடுகிறோம்.

தோட்டக் கோயிலுக்கு ஒரு நோய் உண்டு. துரை வாய்ச்சொல்லாகக் கொடுத்த இடத்தில் நிற்கும், கிரான், அதாவது நிலப்பட்டா, இருக்காது. தோட்டம் கைமாறி வீடமைப்பாக ஆகும்போது, ‘கோயிலை நகர்த்துங்கள்’ என்று ஒரு கடிதம் வரும். 2013இல் அதே நோய் ஆயிரம் ஆண்டுக் கோயிலுக்கும் வந்தது. சுங்கை பத்துத் தோட்டத்திலிருந்த பதினோராம் எண் சண்டியை வீடமைப்பு வேலைக்காக மண்வாரி இயந்திரம் வழித்துப் போட்டது. டிசம்பர் மாதம், அப்போது பினாங்கு துணை முதல்வராக இருந்த பேராசிரியர் பி. இராமசாமி செய்தியாளர்களிடம் சொன்ன பிறகு நாடே பேசியது. நிலம் தனியாருடையது, தளம் கெஜட் செய்யப்படவில்லை என்று விளக்கம் வந்தது. தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை. நாகைக் கோபுரத்தை இடிக்க 1867இல் அரசு அனுமதி கேட்டாவது வாங்கினார்கள். இங்கே அனுமதிக்கு அவசியமே ஏற்படவில்லை. பள்ளத்தாக்கைப் பற்றி நூல் எழுதிய டத்தோ வி. நடராஜன் போன்றவர்கள் நெடுநாளாகக் கேட்டுவந்த பாதுகாப்பு, ஒரு கோயில் போன பிறகுதான் எல்லார் வாயிலும் வந்தது.

கடைசியாக மெர்போக் போனது என் அத்தையோடு. பீடோங் பக்கம் பால்வெட்டில் முப்பது வருடம் இருந்தவர். மலையேற முடியாது என்று அருங்காட்சியகத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நான் தளத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது, கண்ணாடிக்குள் இருந்த ஒன்பது குழிக் கல்லின்முன் நின்றிருந்தார். பக்கத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்ததை அவர் படித்திருக்க முடியாது.

“இது நம்ம சாமிக்கு அடியில வைக்கிறதுதானே?” என்றார். தோட்டத்து மாரியம்மனுக்குக் கும்பாபிசேகம் ஆனபோது, சிலையை நிறுத்துவதற்கு முன் ஐயர் பீடத்தில் நவரத்தினமும் யந்திரத் தகடும் வைத்தார். லயத்துப் பெண்கள் வரிசையில் நின்று பொட்டுப் பொன்னாகப் போட்டார்கள். அத்தை போட்டது ஒரு மூக்குத்தி. அந்தத் தோட்டம் இப்போது இல்லை. கோயிலை நகர்த்தியபோது பீடத்துக்குள் இருந்ததை யார் எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது.

“ஆமா அத்தை, அதேதான்.”

குழிகளை ஒவ்வொன்றாக விரலால் கண்ணாடிமேல் எண்ணினார். ஒன்பதும் காலி.

“எந்த வீட்டுப் பொம்பள மூக்குத்தியோ” என்றார்.